எண்ணிக்கையும் அறிவும்: இந்தியப் பல்கலைக்கழக ஆராய்ச்சி பற்றிய ஒரு விமர்சன நோக்கு

1

இந்தியாவின் பொருளாதார வளர்ச்சி பற்றி எடுத்துரைப்போர் அண்மைக் காலத்தில் அந்நாட்டின் ஆராய்ச்சி வெளியீடுகளின் பெருக்கத்தையும் அதனோடு சேர்த்தே பேசி வருகின்றனர். 2022ஆம் ஆண்டில் இந்தியா பிரித்தானியாவைப் பின்தள்ளி உலகின் ஐந்தாவது பெரிய பொருளாதாரமாக உயர்ந்தது. அறிவியல், பொறியியல் துறைகளில் வெளியிடப்படும் ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கையிலும் சீனா, அமெரிக்கா ஆகியவற்றுக்கு அடுத்த மூன்றாம் இடத்தை அது எட்டியுள்ளது. இவ்விரு செய்திகளும் அருகருகே வைக்கப்படும்போது, ஒன்றின் இயல்பான விளைவே மற்றையது என்னும் எண்ணம் தோன்றிவிடுகின்றது. செல்வம் பெருகுகின்றது, ஆகவே அறிவும் பெருகுகின்றது என்பதே இவ்வாதத்தின் சாரம்.

இவ்வாதத்தை ஏற்றுக்கொள்வதற்கு முன் சில புள்ளிவிபரங்களை நோக்குதல் வேண்டும். இந்திய அரசின் கணக்கின்படி 2010-11இல் ஏறத்தாழ 60,200 கோடி ரூபாவாக இருந்த ஆராய்ச்சி, அபிவிருத்திச் செலவு 2020-21இல் 1,27,380 கோடி ரூபாவாயிற்று. தொகை இரட்டித்தது உண்மையே. ஆயின் நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் அச்செலவின் பங்கு உயரவில்லை, குறைந்தே வந்துள்ளது. 2020-21இல் அது 0.64 வீதம் மாத்திரமே. 2013ஆம் ஆண்டின் அறிவியல் கொள்கை இதனை 2 வீதமாக உயர்த்துவதாகக் கூறியிருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. சீனா 2.4 வீதத்தையும் தென்கொரியா 4 வீதத்துக்கு மேலும் இதே காலப்பகுதியிற் செலவிட்டன.

மறுபுறம், இதே ஆண்டுகளில் கலாநிதிப் பட்ட ஆய்வுக்குப் பதிவு செய்த மாணவர் தொகை 2014-15இல் 1,17,000 அளவிலிருந்து 2021-22இல் 2,13,000 அளவுக்கு உயர்ந்தது. ஆய்வாளர் தொகை பெருகியது. கட்டுரைத் தொகை பெருகியது. ஆய்வுக்கென நாடு தன் வருவாயில் ஒதுக்கிய பங்கோ சுருங்கியது. எனவே, வெளியீட்டுப் பெருக்கத்தைச் செல்வப் பெருக்கத்தின் நேரடி விளைவெனக் கொள்வதற்கு இடமில்லை. அப்பெருக்கம் பெருமளவுக்கு வேறொரு காரணத்தால் விளைந்தது என்பதே எமது கருத்தாகும். பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடாத அரசு, அதனிடம் எண்ணிக்கையைக் கேட்டது. கேட்கப்பட்டது எதுவோ அதுவே உற்பத்தியாயிற்று.

2

இந்நிலைமையின் வேர்களை விளங்கிக் கொள்வதற்கு இந்தியப் பல்கலைக்கழகங்களின் வரலாற்றுப் பின்னணி இன்றியமையாதது. 1913ஆம் ஆண்டிற் சென்னைப் பல்கலைக்கழகம் இராமானுசனுக்கு மாதம் 75 ரூபா ஆராய்ச்சி உதவிப்பணமாக வழங்கியது. பட்டம் எதுவும் பெறாதிருந்த அவர் அதற்கு முன் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபா சம்பளத்தில் எழுதுவினைஞராகப் பணியாற்றினார். பல்கலைக்கழகம் அவரிடம் எதிர்பார்த்தது காலாண்டுக்கு ஒரு முன்னேற்ற அறிக்கை. இங்கிலாந்து செல்வதற்கு முன் அவர் அத்தகைய மூன்று அறிக்கைகளைச் சமர்ப்பித்தார். 1921இல் தோன்றிய டாக்காப் பல்கலைக்கழகத்தில் அதே ஆண்டிற் சேர்ந்த சத்தியேந்திரநாத் போஸ், மாணவருக்குப் பிளாங்கின் விதியைக் கற்பிக்கையில் அதன் நிறுவல் தமக்கு நிறைவளிக்காமையால் புதியதொரு நிறுவலைக் கண்டார். 1924இல் அவர் அனுப்பிய அச்சிறு கட்டுரையை ஐன்ஸ்ரைன் தாமே ஜேர்மன் மொழியில் பெயர்த்து வெளியிடச் செய்தார். போஸும் கலாநிதிப் பட்டம் பெறாதவரே. 1928இற் கல்கத்தாவில் இராமன் கண்டறிந்த ஒளிச்சிதறல் விளைவு இரண்டு ஆண்டுகளில் அவருக்கு நோபல் பரிசைப் பெற்றுக் கொடுத்தது.

இவ்வுதாரணங்களை எடுத்துக்காட்டி, "அக்காலத்தில் எளிய கருவிகளோடும் சொற்பப் பணத்தோடும் இவையெல்லாம் இயன்றன, இன்று பணமில்லை என்று முறையிடுவது ஏன்?" என வினவுவோர் உளர். இது வரலாற்றைத் தலைகீழாக வாசிப்பதாகும். துறைமுகத்தில் 30 ரூபாவுக்கு உழைத்த ஒருவருக்கு அவ்வுழைப்பிலிருந்து விடுதலை அளித்ததே அந்த 75 ரூபாவின் பயன். இராமனுக்குக் கல்கத்தாப் பல்கலைக்கழகத்திலே பாலித் பெயரால் நிறுவப்பட்ட பேராசிரியப் பதவி இருந்தது. 1876 முதல் பொதுமக்கள் நன்கொடையால் வளர்ந்த அறிவியற் சங்கத்தின் ஆய்வுகூடமும் இருந்தது. இம்மூவருக்கும் பொதுவாக வாய்த்தது வறுமையன்று, ஓய்வும் சுதந்திரமுமே. அவ்வாய்ப்புக் கிட்டாது அழிந்த இராமானுசர்களின் தொகையை எவரும் கணக்கிட்டதில்லை. தனிமனித மேதையைச் சான்று காட்டி நிறுவனத்தின் கடமையை மறுப்பது, பஞ்சத்திற் பிழைத்தவனைக் காட்டிப் பஞ்சத்தை நியாயப்படுத்துவது போன்றதாகும்.

சுதந்திரத்தின் பின் இந்திய அரசு அறிவியலுக்கு உயரிய இடத்தை அளித்தது என்பதில் ஐயமில்லை. ஆயின் அந்த இடம் பல்கலைக்கழகத்துக்கு வெளியே அமைந்தது. 1942இல் உருவாகிய அறிவியல், தொழில்துறை ஆராய்ச்சிப் பேரவையின் கீழ் தேசிய ஆய்வுகூடங்கள் எழுந்தன. 1948இல் அணுசக்தி ஆணைக்குழு அமைந்தது. பின்னர் விண்வெளி, பாதுகாப்பு ஆகிய துறைகளும் தத்தமக்கெனத் தனி ஆய்வு நிறுவனங்களைப் பெற்றன. அணு ஆராய்ச்சி பல்கலைக்கழகங்களை அடித்தளமாகக் கொண்டே வளர்தல் வேண்டும் என்று வாதிட்டவர் மேகநாத் சாகா. அவரது குரல் நாடாளுமன்றத்திலும் ஒலித்தது. ஆனால் ஹோமி பாபாவின் தனி நிறுவனப் பாதையே வென்றது. அதன் விளைவாக ஆராய்ச்சி ஓரிடத்திலும் கற்பித்தல் வேறிடத்திலும் நிலைபெற்றன. ஆய்வாளனுக்கு மாணவன் இல்லை. மாணவனுக்கு ஆய்வாளன் இல்லை. வகுப்பறையிலே பிறந்த ஐயமொன்றிலிருந்து உலகை வியக்க வைத்த கட்டுரை தோன்றிய டாக்கா அனுபவம் மீண்டும் நிகழ்வதற்கான சூழல் பெருமளவு அற்றுப்போயிற்று.

இன்றைய செலவினங்களின் அமைப்பிலும் இப்பிரிவினை தெளிவாகத் தெரிகின்றது. மத்திய அரசின் முக்கிய அறிவியல் நிறுவனங்கள் ஆராய்ச்சிக்குச் செலவிடும் தொகையில் அரைப்பங்குக்கு மேற்பட்டது பாதுகாப்பு, விண்வெளி, அணுசக்தி ஆகிய மூன்றுக்குமே செல்கின்றது. நாட்டின் மொத்த ஆராய்ச்சிச் செலவில் உயர்கல்வி நிறுவனங்களின் பங்கோ பத்தில் ஒன்றையும் எட்டவில்லை. மிகப் பெருந்தொகையான மாணவர் கற்பவை மாநிலப் பல்கலைக்கழகங்களும் அவற்றோடு இணைந்த கல்லூரிகளும் ஆகும். அவற்றைப் பேணும் மாநில அரசுகள் ஆராய்ச்சிக்கு அளிப்பது அதனினும் குறைவு. கற்பித்தலையும் ஆராய்ச்சியையும் பிரித்தமை பெருந்தீங்கு விளைத்தது என்பதை 2019ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை வரைவே ஏற்றுக்கொண்டது. எழுபது ஆண்டுகளின் பின் வந்த இவ்வொப்புதல் சாகாவுக்குக் கிடைத்த காலந்தாழ்ந்த நீதி எனலாம்.

3

ஆய்வுகூடமும் நூலகமும் ஓய்வும் இல்லாத இப்பல்கலைக்கழகங்கள் மீதே எண்ணிக்கை முறை சுமத்தப்பட்டது. 2009ஆம் ஆண்டின் விதிகள் கலாநிதிப் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஒரு கட்டுரையேனும் வெளியிட்டிருத்தல் வேண்டுமெனக் கோரின. 2010இற் பல்கலைக்கழக மானியக் குழு கல்விச் செயற்பாட்டுச் சுட்டெண் என்னும் புள்ளி முறையை அறிமுகப்படுத்தியது. நடுவர் பரிசீலனையுள்ள சஞ்சிகையில் வரும் கட்டுரைக்கு 15 புள்ளி. அவ்வாறன்றிப் பதிவெண் பெற்ற சஞ்சிகையில் வருவதற்கு 10 புள்ளி. கருத்தரங்கத் தொகுப்பில் வருவதற்கும் 10 புள்ளி. நியமனமும் பதவியுயர்வும் இப்புள்ளிகளிற் தங்கியிருந்தன. கட்டுரையின் உள்ளடக்கம் யாது, அது எவ்வினாவுக்கு விடை தேடுகின்றது, அதனை எவரேனும் வாசித்தனரா என்பன இவ்வட்டவணையில் இடம்பெறவில்லை.

பொருளியலிற் பயன்மதிப்பு, பரிமாற்றமதிப்பு என இரண்டைப் பிரித்துக் கூறுவர். ஆய்வுக் கட்டுரையின் பயன்மதிப்பு அது தரும் அறிவு. அதன் பரிமாற்றமதிப்பு அது பெற்றுத்தரும் பதவி. இரண்டாவது முதலாவதிலிருந்து முற்றாகப் பிரிந்துவிடுமாயின் கட்டுரை பண்டமாகிவிடுகின்றது. பண்டம் ஒன்றுக்குத் தேவை எழுந்ததும் சந்தை தோன்றுவது இயல்பே. கட்டணம் பெற்றுக்கொண்டு எதனையும் சில நாட்களில் வெளியிடும் போலிச் சஞ்சிகைகள் முளைத்தன. 2015இல் வெளியான ஓர் ஆய்வு, இத்தகைய சஞ்சிகைகள் 2014ஆம் ஆண்டில் மாத்திரம் உலகெங்கும் ஏறத்தாழ 4,20,000 கட்டுரைகளை வெளியிட்டதாக மதிப்பிட்டது. அவற்றில் எழுதியோருள் மூன்றில் ஒரு பங்கினர் இந்தியர் என்பதையும் அது காட்டியது. இச்சந்தை தமிழாய்வையும் விட்டுவைக்கவில்லை. கருத்தரங்கக் கட்டணத்தைச் செலுத்தியதும் கட்டுரையும் சான்றிதழும் பதிவெண் பொறித்த தடித்த தொகுப்பும் கைக்கு வரும் வழக்கம் நாம் அனைவரும் அறிந்ததே.

நோயைக் கண்டதும் மானியக் குழு தேடிய மருந்துகளையும் நோக்குவோம். 2017இல் அங்கீகரிக்கப்பட்ட சஞ்சிகைகளின் பட்டியலொன்று வெளியிடப்பட்டது. 2018இல் அப்பட்டியலிலிருந்து 4,305 சஞ்சிகைகள் ஒரே அறிவித்தலில் நீக்கப்பட்டன. 2019இல் வேறொரு பட்டியல் வந்தது. 2025இல் அதுவும் கைவிடப்பட்டு, சஞ்சிகையின் தரத்தைத் தீர்மானிக்கும் பொறுப்பு அவ்வந்நிறுவனங்களிடமே விடப்பட்டது. கல்லூரி ஆசிரியர் மீதான வெளியீட்டுச் சுமை 2018இல் தளர்த்தப்பட்டது. ஆய்வு மாணவர் மீதான கட்டாயம் 2022இல் நீங்கியது. இவற்றை நாம் வரவேற்கின்றோம். ஆயின் 2016 முதல் வெளிவரும் தேசியத் தரவரிசையில் வெளியீடுகளும் மேற்கோள்களும் பெரும் இடத்தைப் பெற்றுள்ளன. மீளப்பெறப்பட்ட கட்டுரைகளின் தொகையில் இந்தியா முன்வரிசை நாடுகளுள் ஒன்றாகிய பின்னர், 2025இல் அத்தரவரிசை இத்தகைய கட்டுரைகளுக்குப் புள்ளி குறைக்கத் தொடங்கியது. எண்ணிக்கையால் வந்த கேட்டை மற்றோர் எண்ணிக்கையால் திருத்த முனையும் இம்முயற்சி, அடிப்படையை அப்படியே விட்டுவிட்டு விளைவை மாத்திரம் தண்டிக்கின்றது.

4

இவ்விடத்தில் நியாயமானதோர் ஆட்சேபம் எழலாம். எண்ணிக்கை தவறெனின் எதனைக் கொண்டு ஆசிரியரை மதிப்பிடுவது? 2010க்கு முன் எல்லாம் செம்மையாக நடைபெற்றனவா? இல்லை என்பதை நாம் தயக்கமின்றி ஒப்புக்கொள்ள வேண்டும். சாதியும் உறவும் அரசியற் செல்வாக்கும் நியமனங்களைத் தீர்மானித்த நிலைமை அந்நாட்டிற் பரவலாக இருந்தது. பேராசிரியரின் தயவே தகுதியாகக் கொள்ளப்பட்ட இடங்களில், தயவு பெறும் வாய்ப்பற்ற ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து வந்த இளம் விரிவுரையாளனுக்குப் புள்ளி அட்டவணை ஒரு கேடயமாக அமைந்ததும் உண்டு. எண்ணுக்கு முகமில்லை, அது சாதி கேட்பதில்லை. ஆகவே எண்ணிக்கை முறையைச் சாடும் முற்போக்காளர் பழைய தயவு முறைக்கு மீள்வதை ஒருபோதும் ஆதரித்தல் ஆகாது.

ஆயின் கேடயமாக வந்தது விரைவில் விலங்காயிற்று என்பதையும் காணத்தான் வேண்டும். கட்டணம் செலுத்தி வெளியிடும் வசதியும், பிறர் உழைப்பில் தம் பெயரைச் சேர்க்கும் அதிகாரமும் யாரிடம் உள்ளனவோ அவர்களுக்கே புள்ளிகள் குவிகின்றன. பத்து மாணவரின் கட்டுரைகளில் பெயர் பொறிக்கும் மேற்பார்வையாளர் உயர்கின்றார்; வாரம் முழுவதும் கற்பிக்கும் விரிவுரையாளர் பின்தங்குகின்றார். தமிழ்நாட்டின் அரசு கலைக் கல்லூரிகளில் ஆயிரக்கணக்கானோர் நிரந்தரமற்ற கௌரவ விரிவுரையாளராகவே பணிபுரிகின்றனர். அவர்களிடம் ஆராய்ச்சியை எதிர்பார்ப்பது எந்த நியாயத்தின் பாற்பட்டது?

பணம் மாத்திரம் இருந்தால் இக்குறை தீர்ந்துவிடும் எனவும் கருதற்க. சீனாவின் அனுபவம் இதற்குச் சான்று. ஆராய்ச்சிக்குப் பெருந்தொகையை வழங்கிய அந்நாடு, 1990களிலிருந்து பல பல்கலைக்கழகங்களில் வெளியீடுகளுக்குப் பணப்பரிசும் அளித்தது. கட்டுரைகளிற் சீனா முதலிடம் பெற்றது; அதேவேளை போலிக் கட்டுரைகளை விலைக்கு எழுதிக்கொடுக்கும் தொழிலும் அங்கு தழைத்தது. 2020இற் சீன அரசே பணப்பரிசு முறையைத் தடைசெய்தது. அந்நாட்டுக்கு 2015இல் மருத்துவ நோபல் பரிசைப் பெற்றுத் தந்த தூ யூயூ, மலேரியாவுக்கெதிரான ஆட்டெமிசினினை 1970களின் தொடக்கத்திற் கண்டறிந்த குழுவை வழிநடத்தியவர். அவரிடம் கலாநிதிப் பட்டமில்லை. அக்கண்டுபிடிப்பு முதலில் வெளியானபோது அதில் தனியொருவர் பெயரும் இடம்பெறவில்லை. இன்றைய அட்டவணையில் அவர் பெறக்கூடிய புள்ளி யாது என்பதை வாசகரே கணித்துக்கொள்ளலாம். எனவே, போதிய நிதியும் தேவை. அந்நிதி அறிவை நோக்கிச் செல்லும் மதிப்பீட்டு முறையும் தேவை. இரண்டில் ஒன்று மற்றையதற்கு ஈடாகாது.

5

நிதி எங்கு செல்கின்றது என்னும் வினா இங்கு முதன்மை பெறுகின்றது. 2023ஆம் ஆண்டின் சட்டத்தால் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை தோற்றுவிக்கப்பட்டது. ஐந்து ஆண்டுகளில் 50,000 கோடி ரூபா என்பது அதன் இலக்கு. அதில் அரசு தருவது 14,000 கோடி. எஞ்சிய 36,000 கோடி தொழில்துறையிலிருந்தும் நன்கொடையாளரிடமிருந்தும் வருமென எதிர்பார்க்கப்பட்டது. இந்தியாவின் மொத்த ஆராய்ச்சிச் செலவில் தனியார் துறையின் பங்கு ஏறத்தாழ 36 வீதம் மட்டுமே. சீனாவிலும் தென்கொரியாவிலும் அது மூன்றில் இரண்டு பங்குக்கு மேல். தம் சொந்த ஆராய்ச்சிக்கே செலவிடத் தயங்கும் முதலாளிகள் பல்கலைக்கழகத்தின் அடிப்படை ஆராய்ச்சிக்கு வாரி வழங்குவர் என்பது நம்பிக்கையேயன்றித் திட்டமன்று. 2025இல் அறிவிக்கப்பட்ட ஒரு இலட்சம் கோடி ரூபா நிதியமோ, தனியார் துறைக்குக் குறைந்த வட்டியிலும் வட்டியின்றியும் நீண்டகாலக் கடன் வழங்குவதை நோக்கமாகக் கொண்டது. முதலாளிக்குக் கடனாகப் பொதுப்பணமும், பல்கலைக்கழகத்துக்கு முதலாளியின் நன்கொடையும் என்ற இவ்வமைப்பில் அரசின் வர்க்கச் சார்பு தெளிவாகின்றது.

வேறொரு கணக்கையும் ஒப்பிடுவோம். 2024 நவம்பரில் இந்திய அரசு முப்பது வெளியீட்டாளர்களின் ஏறத்தாழ 13,000 சஞ்சிகைகளை நாடு முழுவதுக்குமாகச் சந்தா செலுத்திப் பெறுவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாவை ஒதுக்கியது. சிறிய கல்லூரி மாணவனும் இச்சஞ்சிகைகளை வாசிக்க முடிவது பெரும் நன்மை. அதனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயின் ஆண்டுக்கு 2,000 கோடி ரூபா வெளியீட்டு நிறுவனங்களுக்குச் செல்ல, மேற்குறித்த அறக்கட்டளைக்கு அரசு தருவது ஆண்டுக்குச் சராசரி 2,800 கோடியே. மக்கள் பணத்தாற் செய்யப்பட்ட ஆய்வை ஆய்வாளர் ஊதியமின்றி எழுதிக் கொடுக்கின்றனர். ஏனைய ஆய்வாளர் ஊதியமின்றிப் பரிசீலிக்கின்றனர். பின்னர் அதே மக்கள் அதனை விலைக்கு வாங்குகின்றனர். காலனித்துவ காலத்தில் பருத்தியை அனுப்பித் துணியை வாங்கிய உறவு இவ்வாறு அறிவுத்துறையில் மீண்டும் நிகழ்கின்றது.

ஆய்வு மாணவரின் நிலையோ இதனினும் கவலைக்குரியது. தேசியத் தகுதித் தேர்விற் தேறியோருக்குரிய உதவிப்பணம் 2019இல் 31,000 ரூபாவாகவும் 2023இல் 37,000 ரூபாவாகவும் உயர்ந்தது. ஒவ்வோர் உயர்வும் மாணவர் வீதியில் இறங்கிப் போராடிய பின்னரே கிடைத்தது. அத்தேர்வின் வழி உதவி பெறாத, மத்திய பல்கலைக்கழக ஆய்வு மாணவருக்கு மாதம் 8,000 ரூபா வழங்கப்பட்டு வந்தது. அதனையும் நிறுத்த 2015இல் எடுக்கப்பட்ட முடிவே மானியக் குழுவின் வாயிலில் நாட்கணக்காக நீடித்த போராட்டத்துக்குக் காரணமாயிற்று. மாநிலப் பல்கலைக்கழக மாணவருக்கு அந்த 8,000 கூட உரித்தானதன்று. 1913இல் ஒரு துறைமுக எழுதுவினைஞரின் சம்பளத்தைப் போல இரண்டரை மடங்கை ஆய்வு மாணவனுக்கு அளிக்கத் துணிந்த பல்கலைக்கழக மரபோடு இதனை ஒப்பிட்டு நோக்குதல் தகும்.

6

இறுதியாக மொழி பற்றிய ஒரு குறிப்பு. வெளியீடுகளை எண்ணும் அனைத்துலகப் பட்டியல்களான ஸ்கோப்பஸ், வெப் ஒவ் சயன்ஸ் இரண்டும் தனியார் நிறுவனங்களுக்குச் சொந்தமானவை. பெரும்பாலும் ஆங்கிலச் சஞ்சிகைகளையே உள்ளடக்குபவை. கல்வெட்டொன்றைத் திருத்தமாகப் பதிப்பித்தவரும், ஏட்டுச் சுவடியொன்றை அழிவிலிருந்து மீட்டவரும், ஒரு கிராமத்து மீனவரின் கலைச்சொற்களைத் தொகுத்தவரும் அவற்றைத் தமிழில் வெளியிட்டால் இப்பட்டியல்களில் இல்லாதவராகிவிடுகின்றனர். அதாவது, எச்சமூகத்தின் வரியால் ஆய்வு நடைபெறுகின்றதோ அச்சமூகத்தின் மொழியில் எழுதுவதே ஆய்வாளனுக்கு நட்டமாகின்றது. வளர்ச்சியின் பயன் மக்களைச் சென்றடைய வேண்டுமெனக் கோருவோர் அறிவின் பயனும் அவ்வாறே சென்றடைய வேண்டுமெனக் கோருதல் கடனாகும்.

இவ்விடயம் அயல்நாட்டின் விடயம் மாத்திரமன்று. 1966இற் கோத்தாரி ஆணைக்குழு இந்தியாவின் தேசிய வருவாயில் 6 வீதம் கல்விக்கு ஒதுக்கப்பட வேண்டுமென விதந்துரைத்தது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் அதே 6 வீதத்தை இலக்காகவே கூறியது. இலங்கையில் 2012இற் பல்கலைக்கழக ஆசிரியர் மாதக்கணக்கிற் பணிப்பகிஷ்கரிப்பு நடத்தியபோது முன்வைத்த கோரிக்கையும் அதே 6 வீதமே. இரு நாடுகளிலும் அது இன்னும் கோரிக்கையாகவே உள்ளது. அதற்கிடையில் தரவரிசையும் சுட்டெண்ணும் மேற்கோட் கணக்கும் எமது பீடங்களையும் வந்தடைந்துவிட்டன.

எனவே, பல்கலைக்கழகத்தவராகிய நாம் இரண்டு கோரிக்கைகளைப் பிரிக்காமல் ஒன்றாகவே முன்வைத்தல் வேண்டும். ஒன்று, ஆராய்ச்சிக்கான பொதுநிதி கற்பித்தல் நிகழும் இடத்துக்கு, சிறப்பாக வறிய மாணவர் கற்கும் பல்கலைக்கழகங்களுக்கு, உதவிப்பணமாகவும் நூலகமாகவும் ஆய்வுகூடமாகவும் நிரந்தர ஆசிரியராகவும் வந்து சேர்தல் வேண்டும். மற்றையது, பதவியுயர்வுக்கு வருவோர் தாம் தெரிந்தெடுத்த சில ஆக்கங்களை மாத்திரம் சமர்ப்பிக்க, அத்துறையை அறிந்தோர் அவற்றை வாசித்து, தம் முடிவுக்கான காரணங்களை எழுத்தில் பகிரங்கமாக முன்வைத்தல் வேண்டும். காரணம் எழுதப்படின் தயவுக்கு இடம் குறையும். ஆக்கம் வாசிக்கப்படின் எண்ணிக்கைக்கு இடம் குறையும். இதற்கு நேரமும் உழைப்பும் வேண்டும் என்பதை அறிவோம். ஒருவரது ஆய்வை மற்றவர் வாசிப்பதற்கே நேரமில்லாத ஒரு நிறுவனம் எதன் பொருட்டுத் தன்னைப் பல்கலைக்கழகம் என அழைத்துக்கொள்கின்றது என்பதை நாம் முதலில் நம்மிடமே வினவிக்கொள்ள வேண்டியவர்களாயுள்ளோம்.